‘ரன்’ என்றால் ஓடுவது மட்டும்தானா?

கேள்வி: அகராதியில் ‘ரன்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடினேன். பக்கம் பக்கமாகப் பொருள். முதல் பதினைந்தை மனப்பாடம் செய்வதற்குள் சலித்துப்போய் மூடி வைத்துவிட்டேன். மூன்றெழுத்துச் சொல்லுக்கு இத்தனை பொருளா? இதை எப்படித்தான் கற்பது?
– போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாசகி

பதில்: மூடி வைத்தது நல்ல காரியம். அந்தச் சொல்லை அகராதிக்காரர்களாலேயே எளிதில் முடிக்க முடியவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-ல் வந்தபோது, அதிலேயே நீளமான பதிவு ‘செட்’ என்ற சொல்லுக்குத்தான். சுமார் 430 பொருள்கள். பிறகு அகராதியைத் திருத்திக்கொண்டு வந்தவர்கள் ‘ரன்’னைத் தொட்டார்கள். வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள் தேறின. பீட்டர் கில்லிவர் என்ற பதிப்பாசிரியர் இந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் உட்கார்ந்திருந்தார். நீங்கள் ஒரு மாலையில் களைத்துப்போனதில் வியப்பே இல்லை.

நான் சொல்ல வருவது இதுதான். ‘ரன்’னின் உயிர் காலில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. அதன் பழைய ஆங்கில வடிவங்களில் ஒன்று ‘ரின்னன்’. ஜெர்மன் மொழியில் அதன் உடன்பிறப்பு இன்றும் அதே ‘ரின்னன்’தான், பொருள், வழிந்தோடுவது. சிற்றோடைக்கு ஆங்கிலத்தில் ‘ரன்னல்’ என்று ஒரு பெயர் உண்டு. நம்மிடமும் ஓடு, ஓடை என்று இருக்கிறதே, அப்படி.

இந்தத் தண்ணீரை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். மூக்கு ஒழுகினால் ‘ரன்’. துணியில் சாயம் போனால் ‘ரன்’. குழாயைத் திறந்துவிட்டாலும் ‘ரன்’. ஒரு நோய் தலைமுறை தலைமுறையாக வந்தால் ‘ரன்ஸ் இன் த ஃபேமிலி’. மேலிருந்து கீழே இறங்கி வருகிறது. நாடகம் தடைபடாமல் ஓராண்டு நடந்தாலும் அதே சொல்தான், நாம் ‘படம் நூறு நாள் ஓடியது’ என்பதுபோல. இயந்திரங்கள் வந்த பிறகு ரயில், எஞ்சின், கடிகாரம் எல்லாம் இந்த ஓட்டத்தில் சேர்ந்துகொண்டன. இன்று கம்ப்யூட்டர் புரோகிராமும் ஓடுகிறது. விட்டுப்போகாமல் தொடர்வது எதுவோ அது ‘ரன்’.

ஆகவே உங்களிடம் ஏற்கெனவே பாதிச் சாவி இருக்கிறது. ‘ஓடு’ என்ற தமிழ்ச் சொல் ‘ரன்’ போகும் இடங்களில் பாதிக்குத் துணைக்கு வரும். மற்றப் பாதியில்தான் கவனம் வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். ஆங்கிலத்தில் ஒரு நிறுவனத்தை ஓட்டுவார்கள், நாம் நடத்துகிறோம். அவர்கள் ஓட விடுவதை நாம் நடக்க வைக்கிறோம்! ‘எப்படியோ குடும்பத்தை ஓட்டுகிறேன்’ என்று நாமும் சொல்வதுண்டு. ஆனால் அதற்குள் ஒரு பெருமூச்சு இருக்கும். ‘ரன்’னில் அந்தப் பெருமூச்சு கிடையாது, நிர்வாகம் மட்டும்தான் உண்டு. தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வேட்பாளர் ‘ரன்’ செய்கிறார். பிரிட்டனிலோ ‘ஸ்டாண்ட்’ என்பதுதான் வழக்கம். நாமும் தேர்தலில் நிற்கிறோம். எதிர்ப்பக்கமும் உண்டு. ‘எனக்கு ஒன்றும் ஓடவில்லை’ என்று நாம் தவிப்பதை ‘நத்திங் இஸ் ரன்னிங்’ என்று சொன்னால் கேட்பவர் இயந்திரம் பழுதாகிவிட்டது என்று நினைப்பார்.

அப்புறம், தனிச் சொல்லாகப் படிக்காதீர்கள். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். இதை நான் கற்ற இடம் சொல்கிறேன். இருபத்தாறு வயதில் ஒரு மருத்துவக் கையேட்டை மொழிபெயர்த்தேன். ‘இஃப் யூ ஃபீல் ரன் டவுன்’ என்று ஒரு வரி. அகராதியில் ‘ரன் டவுன்’ என்பதற்கு வண்டி மோதித் தள்ளுவது என்று முதலில் இருந்தது. நானும் ‘வண்டியில் அடிபட்டதுபோல் உணர்ந்தால்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சரிபார்த்த பெரியவர் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் ‘சாவி கொடுக்காத கடிகாரம்’ என்று மட்டும் எழுதியிருந்தார். முறுக்கு தளர்ந்து, ஓட்டம் குறைந்து, நின்றுபோகப் போகும் கடிகாரம். ஆமாம், உடல் அசந்துபோயிருப்பது! அந்த மூன்று சொற்களுக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து பொருளைக் குறித்து வைப்பதை விட்டுவிட்டு, முழு வாக்கியமாக நோட்டில் எழுதிக்கொள்கிறேன். ‘ரன் இன்டு’ என்று எழுதினால் யாரை, எதை என்பதும் கூட வந்துவிடும். நண்பரானால் தற்செயலாகச் சந்தித்தது, சுவரானால் மோதியது, கடனானால் சிக்கியது. ஒரு நாளைக்கு இரண்டு வாக்கியம் எழுதுங்கள், போதும்.

கேள்வி: கிரிக்கெட்டில் ‘ரன் அவுட்’ என்றால் ஆட்டமிழப்பது. ‘ரன் அவுட் ஆஃப் பேப்பர்’ என்றால் தாள் தீர்ந்துபோவது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
– ஒரு வாசகர்

பதில்: நேரடித் தொடர்பு இல்லை. கிரிக்கெட்டில் ‘அவுட்’ என்பது ஆட்டமிழந்த நிலை; ஓடும்போது ஆட்டமிழந்தார், அவ்வளவுதான். மற்றதில் ‘அவுட்’ என்பது வெளியே. பானையில் இருந்ததெல்லாம் வடிந்து காலியானதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கவனியுங்கள். தீர்ந்துபோன பொருள் எழுவாயாக வந்தால் ‘ஆஃப்’ வேண்டாம்: ‘டைம் ரேன் அவுட்’. ஆள் எழுவாயாக வந்தால் ‘ஆஃப்’ கட்டாயம்: ‘வீ ரேன் அவுட் ஆஃப் டைம்’. இந்த ‘ஆஃப்’பை விட்டுவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

கேள்வி: பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் பேட்ஸ்மேன் ஓடவே வேண்டாம். ஆனாலும் அதை நான்கு ரன் என்கிறார்களே, ஏன்?
– ஏழாம் வகுப்பு மாணவன்

பதில்: நல்ல கேள்வி தம்பி. இரண்டு விக்கெட்டுகளுக்கும் இடையே 22 கஜம். ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஓடிச் சேர்ந்தால் ஒன்று என்று எண்ணினார்கள். ஓடிய செயலின் பெயரே எண்ணிக்கையின் பெயராகிவிட்டது. அப்படி ஆன பிறகு ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதே பெயர்தான். முற்காலத்தில் இதற்கு ‘நாட்ச்’ என்று இன்னொரு பெயரும் இருந்தது. ‘நாட்ச்’ என்றால் வெட்டுக்குறி. ஒவ்வொரு ரன்னுக்கும் ஒரு குச்சியில் கத்தியால் ஒரு வெட்டு போட்டுக் கணக்கு வைத்தார்கள். நீ தினமும் சொல்லும் ‘ஸ்கோர்’ என்ற சொல்லுக்கும் வெட்டுக்குறி என்பதுதான் ஆதிப் பொருள். அதற்கு இருபது என்றும் ஒரு பொருள் இருக்கிறது. வெட்டுக்குறி எப்படி இருபது ஆகியிருக்கும் என்று யோசித்து எனக்கு எழுது.