நைரோபிக்கு ஸ்வெட்டர் வேண்டுமா?

கேள்வி: ஆகஸ்டில் குடும்பத்துடன் மசாய் மாரா சஃபாரி செல்கிறோம். வழியில் நைரோபியில் ஒரு நாள் தங்கலாமா? எவற்றைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, காட்பாடி

பதில்: அவசியம் தங்குங்கள். நகரை ஒட்டியே, 1946-இல் அமைக்கப்பட்ட நைரோபி தேசியப் பூங்கா இருக்கிறது. அதிகாலையில் சென்றால், தொலைவில் அடுக்குமாடிக் கட்டடங்கள் தெரிய, ஒட்டகச்சிவிங்கி வேல மரத்து இலையை நாக்கால் நிதானமாக உருவித் தின்பதைக் காணலாம். வேலூர் வெயிலில் பழகிய நமக்கு ஆப்பிரிக்கா என்றாலே அனல்தான் நினைவுக்கு வரும்; ஆனால் நைரோபி ஏலகிரியைவிட உயரத்தில் இருப்பதால், ஆகஸ்டில் குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் கட்டாயம். கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை உள்ளது; துணிகளை மஞ்சப்பையில் எடுத்துச் செல்லுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி (இது மஞ்சள் காமாலை அன்று). புறப்படுவதற்கு 10 நாள்களாவது முன்பே அதைப் போட்டுக்கொள்ளுங்கள்; சான்றிதழ் இல்லாமல் திரும்பினால், இந்தியாவில் இறங்கியதும் 6 நாள்கள் வரை தனிமைப்படுத்தி வைக்க நேரிடும்.