ஆற்றோரத்தில் குழி விழுந்த கல்: டார்ட்மூரில் வெள்ளீய ஆலையை அடையாளம் காண்பது எப்படி?

கேள்வி: இங்கிலாந்தின் பிளிமத் நகரில் வசிக்கிறோம். விடுமுறை நாட்களில் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் நடப்பது வழக்கம். ஓர் ஆற்றோரம், இடிந்த கற்சுவருக்குள், ஆட்டுரல் போல இரண்டு குழிகள் உள்ள கருங்கல்லைப் பார்த்தோம். பழைய காலத்தில் வெள்ளீயம் உருக்கிய இடம் என்றார் உடன் வந்த நண்பர். எப்படி உறுதி செய்வது? சுற்றிலும் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாமா?

பதில்: தோண்ட வேண்டாம். தோண்டாமலே பெரும்பாலானதைத் தெரிந்துகொள்ளலாம்.

முதலில் கல். ஆட்டுரலில் குழவி சுழலும். இங்கே உலக்கை விழுந்தது. ஆகவே உரல் என்பதே பொருத்தம். நீர்ச்சக்கரம் ஓர் அச்சைச் சுழற்ற, அது அடியில் இரும்பு பொருத்திய மர உலக்கைகளைத் தூக்கித் தூக்கிப் போடும். கீழே இருக்கும் கல்லில் தாது பொடியாகும். உலக்கைகள் அடுத்தடுத்து நின்றதால்தான் குழிகள் பெரும்பாலும் ஜோடியாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் ஒரு சாண் அகலம், கிண்ணம் போன்ற வடிவம், உட்புறம் தடவினால் வழவழப்பு. குழி ஆழமாகிவிட்டால் கல்லைப் புரட்டி வேறு பக்கத்தைப் பயன்படுத்தினார்கள். எனவே மறுபக்கத்திலும் விளிம்பிலும் குழி தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். தெரிந்தால் சந்தேகம் பெரிதும் தீரும்.

ஏமாற்றும் கற்களும் உண்டு. பாறைக்குன்றுகளின் உச்சியில் மழையும் பனியும் அரித்த குழிகள் அகலமாக, அடி தட்டையாக இருக்கும்; அவை இயற்கை. கல்லை உளியால் பிளக்கப் போட்ட துளைகள் விரல் அளவே இருக்கும், வரிசையாக ஓடும். உள்ளங்கை அளவில் மெருகேறிய ஒற்றைக் குழி என்றால், அது சக்கரத்தின் அச்சு உட்கார்ந்த தாங்குகல்லாக இருக்கலாம். அதுவும் நல்ல தடயமே.

அடுத்து தண்ணீர். கல்லைவிட இதையே நான் அதிகம் நம்புவேன், ஏனென்றால் கல் இடம்மாறும். பிற்காலத்தில் வேலி கட்டியவர்கள் உரற்கற்களை எடுத்துச் சுவரில் வைத்துவிட்டார்கள். வாய்க்கால் இடம்மாறாது. கட்டடத்தின் ஒரு சுவரை ஒட்டி வெளியே, சுமார் ஒரு மீட்டர் அகலத்தில் நீளமான பள்ளம் இருக்கிறதா? அது சக்கரக்குழி. அதன் தலைமாட்டிலிருந்து மேட்டுப்பக்கம் பாருங்கள். சரிவை ஒட்டி மெல்லச் சாய்ந்து வரும் ஒரு புல்மூடிய வரி தெரியும். ஆற்றின் மேல்பகுதியில் தண்ணீரைத் திருப்பிக் கொண்டுவந்த வாய்க்கால் அது. இரண்டும் இல்லாத இடிபாடு ஆட்டிடையர் குடிசையாகவும் இருக்கலாம்.

இப்போது உங்கள் நண்பர் சொன்னதற்கு வருவோம். உரற்கல் இருப்பதால் மட்டும் அங்கே உலை எரிந்தது என்று சொல்ல முடியாது. பலரும் தவறுவது இங்கேதான். தாதுவை இடித்து அலசுவது ஒரு வேலை. உருக்குவது இன்னொரு வேலை. ஒரே கூரையின்கீழ் இரண்டும் நடந்ததும் உண்டு, இடிப்பு மட்டும் நடந்ததும் உண்டு. இடித்த பொடியை ஓடும் நீரில் அலசினால், நாம் அரிசியில் கல் அரிப்பதைப் போலப் பிரியும்: வெள்ளீயத் தாதுவின் ஒப்படர்த்தி (தண்ணீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்ற அளவு) சுமார் 7, அதோடு கலந்திருக்கும் வெண்கல்லுடையது (குவார்ட்ஸ்) 2.65. கனமானது தங்கிவிடும், லேசானது அடித்துப் போகும்.

உருக்கியதற்கு அச்சுக்கல்தான் பலமான சாட்சி. கருங்கல்லில் செவ்வகமாக வெட்டிய தொட்டி அது. பக்கங்கள் கீழே போகப்போக உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். உறைந்த கட்டி எளிதாகக் கழன்றுவர அந்தச் சாய்வு. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகும் (வெறும் ஈயச் சொம்பை அடுப்பில் வைத்தவர்களுக்கு இது தெரியும்). ஆனால் தாதுவிலிருந்து பிரித்தெடுக்க 1,000 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அதற்காகவே கரி, அதற்காகவே நீர்ச்சக்கரம் இயக்கிய துருத்தி. எதிரெதிரே நிற்கும் உலைக்கற்கள், உருகியது வந்து தேங்கிய குழிக்கல், கருப்பாகக் கண்ணாடி போல மின்னும் கசடு, இவற்றில் ஏதாவது இருந்தால் நண்பர் சொன்னது சரி. கசடை எடுத்துக்கொண்டு வராதீர்கள். அது கிடக்கும் இடம்தான் சான்று.

ஒப்பிட்டுப் பழக மீவி ஆற்றின் பிளாக் டோர் அருவிக்குப் போங்கள். இரு கரையிலும் ஆலை இடிபாடுகள். ஒன்றின் வாசல் மேற்கல்லில் ரோம எண்ணில் 13 என்று வெட்டியிருக்கிறது. வால்காம் ஆற்றின் மெரிவேல் பகுதியிலும் இத்தகைய இடிபாடுகள் உண்டு. அங்குள்ள மேல் ஆலையை 1990-களில் முறையாக அகழ்ந்தார்கள்.

தோண்டுவதைப் பற்றி: இத்தகைய இடங்கள் பல பாதுகாக்கப்பட்ட தொல்சின்னங்கள். அனுமதியின்றி அவற்றைத் தோண்டுவது 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உலோகம் கண்டறியும் கருவிக்கும் எழுத்துமூல அனுமதி வேண்டும். பாசியைச் சுரண்டாதீர்கள், கல்லைப் புரட்டாதீர்கள், சாக்பீஸால் கோடிழுக்காதீர்கள். குழிக்குள் மழைநீர் நின்றால் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு, அகலம், ஆழம், இரு குழி மையங்களுக்கு இடையே உள்ள தூரம் மூன்றையும் அளந்து, அளவுகோலை அருகே வைத்துப் படமெடுங்கள். கைபேசியில் இடக்குறிப்பு எண்ணையும் குறித்து, டார்ட்மூர் தேசியப் பூங்கா ஆணையத்தின் தொல்லியலாளர்களுக்கு அனுப்புங்கள்.

கோடையில் பெரணிச்செடி எல்லாவற்றையும் மூடிவிடும். பிப்ரவரி, மார்ச்சில், வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் போனால் வாய்க்கால் கோடு நிழலோடு தனியாகத் தெரியும்.