சாம்பிளை கெர்னலுக்குள்ளேயே வடிகட்டுங்க

தம்பி, பாம்பன்ல ஏஎம்டி சர்வர்ல ஐபிஎஸ் (ஏஎம்டி சிப்புல இருக்கிற சாம்பிள் எடுக்கிற வசதி) வச்சு, லினக்ஸோட வேக அளவீட்டுக் கருவியான பெர்ஃப்ல ரெக்கார்ட் போட்டா கோப்பு பல ஜிபி ஆகுது, தாமதமான மெமரி லோடு (மெமரியிலருந்து படிக்கிறது) சாம்பிள் மட்டும் போதும்னு கேட்டிருக்கீங்க.

பதிஞ்சிட்டு அப்புறம் பிரிக்காதீங்க. கழிசல் மீனைக் கடல்லயே தள்ளிட்டு மண்டபம் கரைக்கு வந்தா பெட்டியில இடம் மிஞ்சும்ல, அதே கணக்குதான். லினக்ஸ் 6.4-லருந்து பெர்ஃப் ரெக்கார்டோட ஃபில்டர் ஆப்ஷன்ல பிபிஎஃப் (கெர்னலுக்குள்ள ஓடுற சின்ன புரோகிராம்) நிபந்தனை கொடுக்கலாம். மெம்_ஆப் (மெமரி வேலையோட வகை) லோடா இருக்கணும், வெயிட் (தாமத அளவு) 100-க்கு மேல இருக்கணும்னு எழுதுங்க. மத்த சாம்பிள், கோப்புக்குப் போறதுக்கு முன்னாடி தங்குற ரிங் பஃபருக்கே போகாது.

கூடவே பெரிய டபிள்யூ (-W), சின்ன டி (-d) ஆப்ஷனையும் கட்டாயம் சேருங்க. இல்லன்னா வெயிட், மெம்_ஆப் தகவலே பதிவாகாம பிழை வரும். எனக்கு அரைநாள் இதுலயே போச்சு. பெர்ஃபை பிபிஎஃப் ஸ்கெலட்டனோட (பிபிஎஃப் புரோகிராமைச் சேர்க்கிற பில்ட் வசதி) பில்ட் பண்ணியிருக்கணும்.

ஆனா ஒவ்வொரு சாம்பிளுக்கும் சிபியுவை இடைமறிக்கிற இன்டரப்ட் குறையாது தம்பி. அந்தச் சுமை குறைய சாம்பிள் இடைவெளியைத்தான் கூட்டணும்.