போட்டுக்குள்ள மழைத்தண்ணி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, நானும் மாமாவும் பங்கு போட்டு வாங்குன 18 அடி பைபர் போட் ஒண்ணு காசல்ரீ டேம்ல மீன் பிடிக்க வச்சிருக்கோம். போன மழைல ஒரே ராத்திரில முங்கிருச்சு, காலைல போய் பாத்தா மூக்கு மட்டுந்தான் வெளிய தெரியுது. கரையில கட்டித்தான் வச்சிருந்தோம். பெரிய பம்ப் ஒண்ணு பூட்டுங்கனு எல்லாரும் சொல்றாங்க, பூட்டுனா சரியாயிருமா?
(நோர்வூட் வாசகர்)

பதில்: தம்பி, பம்ப் வாங்க முந்தி கயித்த பாருங்க. சொல்றேன்.

மொதல்ல கணக்கு. 1 மில்லிமீட்டர் மழை 1 சதுர மீட்டர் எடத்துல விழுந்தா 1 லீட்டர் தண்ணி. ஒங்க போட்டோட தொறந்த வாய் ஒரு 6 சதுர மீட்டர்னு வைங்க, ராத்திரி 100 மில்லிமீட்டர் கொட்டுனா 600 லீட்டர், 600 கிலோ, ஒம்பது பெரியாளுங்க விடிய விடிய உள்ள ஒக்காந்திருக்க மாதிரி. அந்தத் தண்ணி சமமா நிக்காது, எஞ்சின் பாரம் இருக்க பின்பக்கந்தான் ஓடும், எஞ்சின் மாட்டுற பின்பலகைதான் போட்லயே பள்ளமான எடம், அது எறங்கி தண்ணி மட்டத்துக்கு வந்துச்சுனா அலை அடிக்க அடிக்க ஏரித்தண்ணியே உள்ள வரும், அதுக்கப்பறம் மழை விட்டாலும் முங்குறது நிக்காது.

இப்ப கயிறு. காசல்ரீ, மவுசாகலை எல்லாம் கரண்டுக்காக கட்டுன டேம், தண்ணி மட்டம் வருசம் பூரா மீட்டர் கணக்குல ஏறி எறங்கும். தண்ணி கொறஞ்சப்ப கரையில குட்டையா கட்டிட்டு வந்துட்டீங்கனா, மழைல மட்டம் ஏற ஏற கயிறு விறைச்சு போட்ட ஒரு பக்கமா கீழ இழுக்கும், மேல வர எடமில்லாம அந்தப் பக்கம் தண்ணி குடிக்கும். சரினு நீளமா விட்டா இன்னொரு வம்பு, மட்டம் எறங்குறப்ப போட் கரைச்சரிவுல கல்லுலயோ மரக்கட்டைலயோ சாஞ்சு ஒக்காந்துக்கும், திரும்ப தண்ணி ஏறுனா சாஞ்ச பக்கம் வழியா ரொம்பும். மழை பெஞ்சுதான் முங்குச்சுனு நெனைக்கிற போட்டுல பாதி இப்பிடித்தான் முங்கியிருக்கும்னு நான் சொல்லுவேன். அதனால கரையில ஒட்டி கட்டாதீங்க, ஆழமான எடத்துல ஒரு நங்கூரம், இல்லாட்டி மணல் ரொப்புன மூட்டைக ரெண்டு, மட்டம் ஏறுறதுக்கு தாராளமா கயிறு விட்டு முன்மூக்க அதுல கட்டுங்க, கரைக்கு ஒரு தளர்வான இழுப்புக் கயிறு மட்டும் போதும். மழைக்காலத்துல ரெண்டு நாளைக்கு ஒருக்கா யாராச்சும் போய் பாக்கணும், அதுக்கு மாத்து வழி எனக்கு தெரியல.

பம்ப் வேணாம்னு சொல்லல. 500 கேலன்னு எழுதியிருக்க சின்ன 12 வோல்ட் பம்ப் மணிக்கு 1900 லீட்டர் சொச்சம்னு கணக்கு, குழாய் ஒயரம், பட்டரி எளப்பம்னு கழிச்சாலும் அந்த 600 லீட்டர ஒரு மணித்தியாலத்துக்குள்ள வெளிய தள்ளிரும், நல்ல பட்டரிக்கு அதெல்லாம் ஒரு வேலையே இல்ல. பம்ப் காலை வார்றது எலையாலதான். டர்பன்டைன் மர எலையும் குப்பையும், தண்ணி ஏறுனா தானா பம்ப ஓட்டுற மெதவை சுவிட்சுல சிக்கிக்கிட்டா அது மேல வராது, பம்ப் ஓடாது, நீங்க வீட்டுல பம்ப் இருக்குங்குற தைரியத்துல தூங்குவீங்க. வாளித்தண்ணி ஊத்தி ஓடுதானு அடிக்கடி பாருங்க, பம்ப் வயர பியூஸ் வச்சு நேரா பட்டரிக்கு குடுங்க (மெயின் சுவிட்ச அணைச்சா பம்பும் சேந்து செத்துரக்கூடாது), குழாய் வாய் தண்ணி மட்டத்துக்கு நல்லா மேல இருக்கணும், இல்லாட்டி வெளித்தண்ணி அதே குழாய் வழியா உள்ள வந்துரும்.

தறப்பாள் போடுறதுனா நடுவுல மூங்கில் ஒண்ணு முதுகெலும்பா நீளத்துக்கு கட்டி கூரைச் சரிவா போடுங்க. தட்டையா போட்டா நடுவுல தண்ணி தேங்கி தொப்பை வச்சு, கடைசில எல்லாம் சேத்து உள்ளதான் விழும். இன்னொண்ணு, மூடி இறுக்குன 20 லீட்டர் வெறும் கேன் பத்து, பலகைக்கு கீழ கழண்டு போகாம கட்டி வைங்க, ஒவ்வொண்ணும் தண்ணிக்குள்ள கிட்டத்தட்ட 20 கிலோவ தூக்கும், போட் ரொம்புனாலும் அடிக்கு போகாது.

கேள்வி: எஞ்சினும் சேந்து முங்கிருச்சு, எடுத்த ஒடனே ஸ்டார்ட் பண்ணி பாக்கலாமா?
(மஸ்கெலியா வாசகர்)

பதில்: எஞ்சின் ஸ்டார்ட் கயித்த இழுத்துறாதீங்க! சிலிண்டருக்குள்ள தண்ணி இருக்கும், தண்ணி அமுங்காது, பலமா சுத்துனா உள்ள கம்பி வளையும். மொதல்ல பட்டரி வயர கழட்டுங்க, பெட்ரோல் மெதக்கும் எடத்துல பொறி பறக்கக்கூடாது, பீடியும் வேணாம். ஸ்பார்க் பிளக்க கழட்டி, ஓட்டை கீழ பாக்க சாச்சு, கையால மெல்ல சுத்தி தண்ணிய வெளியேத்துங்க. கார்புரேட்டர்ல இருக்கதையும் பழைய பெட்ரோலையும் ஒரு கேன்ல எடுங்க, ஏரில ஊத்தாதீங்க, அது பல பேர் குடிக்கிற தண்ணி. போர் ஸ்ட்ரோக்னா எஞ்சின் ஆயில் பால் டீ கலர்ல இருக்கும், அத மாத்தியே ஆகணும். பிளக் ஓட்டைல கொஞ்சம் ஆயில் விட்டு, புது பிளக், புது பெட்ரோல் போட்டு, அன்னைக்கே ஓட்டி சூடாக்குங்க. எல்லாம் ஒரு சில மணித்தியாலத்துக்குள்ள நடக்கணும், ஏன்னா துரு வேகமா பிடிக்கிறது காத்துபட்டதுக்கு அப்பறந்தான். அன்னைக்கு மெக்கானிக் கெடைக்கலனா எஞ்சின நல்ல தண்ணி பீப்பாய்க்குள்ளயே முக்கி வைங்க, கேக்க பைத்தியக்காரத்தனமா இருக்கும், ஆனா வெயில்ல காய வைக்கிறதவிட அதுதான் எஞ்சினுக்கு நல்லது. ஓடிக்கிட்டு இருக்கப்பவே முங்குனதுனா நீங்களா தொடவே வேணாம், மெக்கானிக் பாஸ்கிட்ட குடுங்க.

கேள்வி: நுவரெலியால எங்க கெஸ்ட் ஹவுஸ் குளத்துல பிள்ளைங்க ஓட்டுற சின்ன போட் ஒண்ணு முங்கிருச்சு, தண்ணிய எறச்சுட்டோம், ஆனா முந்திவிட கனமா இருக்கு, ஒரே நாத்தம். என்ன காரணம் அண்ணே?
(நுவரெலியா வாசகி)

பதில்: தங்கச்சி, தரைப்பலகைக்கு கீழ மெதக்குறதுக்கு போட்ட நுரை தண்ணி குடிச்சிருக்கு. மேல எறச்சா அது போகாது. கரையேத்தி, மூக்க ஒயத்தி, பின்னால இருக்க அடைப்ப கழட்டி வைங்க, மூடி இருந்தா எல்லாத்தயும் தொறந்து காத்து விடுங்க. நுவரெலியா பனிக்கு வாரக்கணக்குல ஆகும், கொஞ்சம் பொறுமை வேணும். அப்பயும் கனம் கொறையலனா பலகைய வெட்டி நுரைய மாத்தணும். ஏத்தி வச்ச போட்டுல அடைப்பு கழண்டே இருக்கட்டும், தண்ணில எறக்குறதுக்கு முந்தி மாட்டுங்க. லைப் ஜாக்கெட்ட நெழல்ல காய போடுங்க. எறைக்கிறப்ப கைல கால்ல புண்ணு இருந்தா மூடிக்கிட்டு எறங்குங்க, தேங்குன தண்ணில எலிக்காய்ச்சல் பயம் இருக்கு.

கேள்வி: டேம்ல தண்ணி தொறந்து விடுற வான்கதவு தொறந்திருக்க நேரத்துல, முங்குன போட்ட இழுக்க போகலாமா?
(தலவாக்கலை வாசகர்)

பதில்: போகாதீங்க. மேல் கொத்மலையோ லக்சபானவோ, கதவு தொறந்தா இழுப்பு எங்க இருக்குனு மேல பாத்து தெரியாது. கதவ மூடி தண்ணி அடங்குன பெறகு, ரெண்டு கயிறு கட்டி கரையிலருந்தே ஆழம் கொறஞ்ச எடத்துக்கு மெல்ல இழுங்க, ஓரம் தண்ணிக்கு மேல வந்ததும் வாளியால எறைங்க. ரொம்புன போட்டுக்குள்ள ஆள் ஏறுனா உள்ள இருக்க தண்ணி ஒரே பக்கம் பாஞ்சு கவுத்துரும். கரையேத்துற எடத்துக்கு மேல மண்ணு வெடிச்சிருந்தா அந்த எடமும் வேணாம், அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 அடிச்சு சொல்லுங்க. போட் அணைக்கட்டு பக்கம் போயிருச்சுனா டேம் காவல்ல இருக்கவங்ககிட்ட தகவல் குடுங்க, அவங்க விடுற வரைக்கும் கரைலயே நில்லுங்க.