பொலிஅமீனும் புற்றுநோயும்: ரீச்சரிட்டைக் கேட்டவை

மல்லாவி, உயர்தர மாணவி: ரீச்சர், பொலிஅமீன் எண்டால் நஞ்சா? அதாலதான் கான்சர் வருதெண்டு ஒரு வீடியோவில சொன்னாங்கள்.

நஞ்சில்லை பிள்ளை. புட்ரெசின், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின் மூண்டும் உன்ர ஒவ்வொரு கலத்திலயும் இருக்கு. நேரேற்றம் உள்ள சின்ன மூலக்கூறுகள். மறையேற்றமுள்ள டீஎன்ஏ, ஆர்என்ஏயில போய் ஒட்டிக்கொள்ளும். அதுகள் இல்லாட்டில் கலம் பிரியாது, காயம் ஆறாது.

வவுனிக்குளம், விவசாயி: அப்ப புற்றுநோயில என்ன பிழைக்குது?

அண்ணை, வயலுக்குத் தண்ணி திறந்துவிடுற குளத்துத் துருசை, அதுதான் மதகை, நினையுங்கோ. ஓர்னிதீன் எண்ட அமினோ அமிலத்தைப் புட்ரெசினா மாத்திற ஓர்னிதீன் டிகார்பொக்சிலேஸ் எண்ட நொதியம்தான் இங்க துருசு. நல்ல கலத்தில அது ஒரு மணித்தியாலம்கூடத் தங்காது. பொலிஅமீன் கூடினவுடன அன்டிசைம் எண்ட புரதம் அதைப் பிடிச்சு அழிக்கக் குடுத்திடும். வயலுக்குக் காணுமெண்டவுடன துருசை இறக்கிற மாதிரி. மிக் எண்ட மரபணு கட்டுமீறி வேலைசெய்தால் நொதியம் ஓயாமல் உருவாகும், துருசு திறந்தபடியே நிக்கும். 1992இல ஆய்வுகூட எலிக்கலங்களில இந்த ஒரு நொதியத்தை மட்டும் மிகையாக்கினவை. கலங்கள் புற்றுக்கலம் மாதிரி மாறிப்போச்சு. அதை வைச்சு மனிசரிலயும் இது தனிய நோயைத் தொடக்கும் எண்டு சொல்லேலாது. ஏற்கெனவே கெட்டுப்போன கலத்துக்கு இது பெருந்தீனி.

முல்லைத்தீவு, கருவாடு போடுறவர்: மீன் பழுதாகேக்க வாறதும் புட்ரெசின் எண்டினம். கருவாட்டை விடவேணுமோ?

பழுதான மீனில அது கூடுறது உண்மைதான் அக்கா. ஆனால் சோயாவிலயும் காளானிலயும்கூட பொலிஅமீன் இருக்கு. அதுக்குப் பயந்து ஒரு சாப்பாட்டையும் விடாதேங்கோ, முக்கியமா வைத்தியம் செய்யிற நோயாளியைப் பட்டினி போடாதேங்கோ.

பயப்பட வேண்டியது பாக்குக்கு. சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே வெறும் பாக்கையே மனிசருக்குப் புற்றுநோய் தாற பொருளெண்டு வகைப்படுத்திட்டுது. என்ர அப்பா சாறமடிப்பில வெத்திலைச் சுருளோடதான் வயலுக்குப் போவார். கன்னத்துக்குள்ள வந்த வெள்ளைத் திட்டை மாசக்கணக்கா எங்களுக்குக் காட்டேல்லை. சோத்தை ஒரு பக்கமா ஒதுக்கிச் சாப்பிடுறதைக் கண்டுதான் அம்மா பிடிச்சவ. ரெண்டு கிழமையில ஆறாத வாய்ப்புண் எண்டால் தயவுசெய்து காட்டுங்கோ.

கிளிநொச்சி, தகப்பன்: துருசை இறக்க மருந்திருக்கோ ரீச்சர்?

இருக்கு, எஃப்ளோர்னிதீன். நொதியத்தில ஒட்டினால் விடாது. ஆபிரிக்கத் தூக்கநோய்க்கெண்டு 1990இல அமெரிக்காவில அனுமதிச்ச மருந்து. 2023 டிசம்பரில, நியூரோபிளாஸ்டோமா எண்ட நரம்புக்கலப் புற்றுநோய் ஆபத்துக் கூடின வகையில வந்து முந்தின வைத்தியத்துக்கு இணங்கின பிள்ளையளுக்கு, நோய் திரும்பாமல் இருக்க அங்க அனுமதிச்சவை. பெருங்குடல் கட்டி எடுத்த 375 பேரில இதைச் சுலிண்டாக் எண்ட வீக்கம் குறைக்கிற மருந்தோட குடுத்த ஆய்வு 2008இல வந்தது: மூண்டு வருசத்தில மருந்தெடுத்தவையில 12 சதவீதத்தினருக்குத்தான் கட்டி திரும்ப வந்தது, மருந்தில்லாத வெறுங்குளிசை எடுத்தவையில 41 சதவீதம்.

ஆனால் துருசை இறக்கினால் புற்றுக்கலம் வெளியில இருந்து பொலிஅமீனை இழுக்கத் தொடங்கும். அதால அந்த வழியையும் சேர்த்து அடைக்கிற மருந்துகளை இப்ப தேடுகினம்.