நோயாளி சாகாத எய்ட்ஸ் படம் எங்கே?

எய்ட்ஸோடு வாழ்பவர்களையும் அவர்கள் படும் ஒதுக்கலையும் சினிமா உண்மையாகக் காட்டியிருக்கிறதா என்பது கேள்வி. ஒதுக்கலைக் காட்டியிருக்கிறது. வாழ்வதைத்தான் காட்டியது குறைவு.

1993இல் வந்த 'பிலடெல்பியா' படத்தில், நோய் தெரிந்ததும் வேலையை விட்டு நீக்கப்படும் வழக்கறிஞராக டொம் ஹாங்ஸ் நடித்து ஒஸ்கார் வாங்கினார். எல்லாரும் அதன் நீதிமன்றக் காட்சிகளைத்தான் பேசுவார்கள். எனக்கு அதற்கு முன்னால் வரும் ஒரு காட்சிதான் பெரிது. வழக்கை எடுக்கச் சொல்லி வருகிற அவருக்கு, இன்னொரு வழக்கறிஞராக நடிக்கும் டென்சல் வொஷிங்டன் கைகொடுக்கிறார். எய்ட்ஸ் என்று கேட்டதும் பின்வாங்குகிறார். அப்புறம் வந்தவர் மேசையில் எதை எதைத் தொடுகிறார் என்பதிலேயே அவர் கண் நிற்கிறது. வழக்கையும் எடுக்கவில்லை, தன் டொக்டரிடம் ஓடுகிறார். இத்தனைக்கும் கெட்டவர் இல்லை, அப்போதுதான் பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் இருக்கிறவர். எங்கள் மட்டக்களப்புப் பக்கமும் ஒதுக்குகிறவர்கள் இந்த மாதிரி நல்ல மனிசர்தான். ஏச மாட்டார்கள். தேத்தண்ணி குடித்த கோப்பையை மட்டும் தனியாக வைத்துவிடுவார்கள்.

அந்தப் படத்தில் நாயகன் சாவது அந்தக் காலத்து உண்மை. உயிர் காக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை 1996 அளவில்தான் வந்தது. ஆனால் தமிழில் 2007இல் வந்த 'மிருகம்' படத்திலும் முரடனாகத் திரிந்தவனுக்குக் கடைசியில் தண்டனை போலத்தான் எய்ட்ஸ் வருகிறது. இதையெல்லாம் பார்த்த ஊர், ஒருவருக்கு நோய் என்றால் முதலில் 'என்ன செய்தானாம்?' என்று கேட்காமல் வேறு என்ன கேட்கும்? இந்தியில் 2005இல் வந்த 'மை பிரதர் நிகில்' எவ்வளவோ மேல். கோவாவில் சட்டத்தைக் காட்டித் தொற்றாளரை அடைத்து வைத்த காலத்தை, கைவிடாத ஓர் அக்காவோடு சேர்த்துச் சொல்கிறது.

இன்றைக்கு மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே இருந்தால் உடலுறவாலும் தொற்றாது. இலங்கை அரச கிளினிக்கில் மருந்து இலவசம். தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை நாங்கள் ஒழித்துவிட்டோம் என்று 2019இல் உலக சுகாதார நிறுவனமே சான்று தந்தது. அதே நாட்டில்தான் 2016இல், தகப்பன் எய்ட்ஸில் செத்தார் என்ற கதையை நம்பி, தொற்றே இல்லாத ஒரு சின்னப் பையனைக் குளியாப்பிட்டியில் பள்ளிக்கூடத்துக்கு வர விடாமல் மறித்தார்கள்.

எங்கள் ஊரில் எடுக்க வேண்டிய படம் வேறு. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களின் மெடிக்கலில் எச்.ஐ.வி பரிசோதனையும் உண்டு. கல்முனையிலோ ஏறாவூரிலோ ஒரு பிள்ளை மெடிக்கலில் 'அன்ஃபிட்' ஆனால், காரணம் நெஞ்சு எக்ஸ்ரேயில் தெரிந்த பழைய காசநோய்த் தழும்பாகவும் இருக்கலாம். ஊர் அதைக் கேட்காது, தானே ஒரு நோயைச் சொல்லிவிடும். உண்மையிலேயே எச்.ஐ.வி இருக்கிறவள் என்றால், கிளினிக்குக்குப் போனால் தெரிந்தவர் யாராவது கண்டுவிடுவார்களோ என்று பயந்தே மருந்தை விட்டுவிடுவாள். அந்தப் பயத்தை யாராவது படமாக எடுத்தால் முதல் நாளே போய்ப் பார்ப்பேன்.