மிகுபுனைவு (மந்திரமும் வேறு உலகமும் வரும் ஃபேன்டஸி கதை) எழுத முயல்கிறவரா நீங்கள்? உங்கள் நாவல் எந்த அளவில் நிற்கிறது, எழுதாத நேரத்தில் என்ன செய்வீர்கள்?

ஓம், முயல்கிறேன். நாவல் பதினான்காம் அத்தியாயத்தில் நிற்கிறது, இதுவரை 41,000 சொற்கள். தொடங்கியது 2022 இல்.

நான் இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம், களுவாஞ்சிகுடி. மண்டூர்ப் பக்கம் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். காலையில் குருமண்வெளித் துறையில் ஸ்கூட்டியைப் பாதையில் ஏற்றி வாவியைக் கடப்பேன். (எங்கள் ஊரில் பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் மிதவைத் தட்டு.) கடக்க எடுக்கும் நேரத்தில் ஒரு பந்தி எழுதலாம். நாவலில் பாதிக்கு மேல் அப்படி எழுதியதுதான், ஸ்கூட்டி சீற்றில் கொப்பியை வைத்து, நின்றபடியே. மழை காலத்தில் பாதை ஓடாத நாளில் பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போக வேண்டும். அன்றைக்கு எழுத்து இல்லை.

இதற்கு முதல் ஒன்று எழுதினேன். 2021 இல், ஊரடங்கு நேரம். பனி மூடிய ஒரு இராச்சியம், கல் அரண்மனை, மலைக்குகைக்குள் பறவைநாகம். 11,000 சொல் வரை போனது. திருப்பி வாசித்தால் ஒரு வரியிலும் எனக்குச் சொந்தமானது எதுவும் இல்லை. பனியில் கால் புதைந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வாசித்த புத்தகங்களில் இருந்ததை மாற்றி மாற்றி அடுக்கியிருந்தேன்.

அடுத்த வருடம் மின்வெட்டு வந்தது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. மடிக்கணினி செத்துக் கிடந்தது. ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து, குப்பி விளக்கு வெளிச்சத்தில் முதல் பக்கத்தில் இரண்டே சொல் எழுதினேன்: எழுவான்கரை, படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் எங்கள் பக்கத்துக்கும், வாவிக்கு மேற்கே வயலும் குளமுமாய்க் கிடக்கும் பக்கத்துக்கும் எங்கள் சனம் நாளாந்தம் சொல்லும் பெயர்கள். பிறந்த நாள் தொட்டுக் கேட்ட சொற்கள் அன்றிரவு எனக்கு ஒரு வேறு உலகத்தின் வரைபடமாகத் தெரிந்தன. எழுவான்கரையாரின் மந்திரம் விடியலில் இருந்து உச்சி வரைதான் பலிக்கும், படுவான்கரையாருடையது உச்சிக்குப் பிறகு. நடு வாவியில், பாதையில் நிற்கும்போது இரண்டும் பலிக்காது. அதனால் பகையாளிகள் பேச வேண்டுமென்றால் அங்கேதான் வர வேண்டும். இந்த ஒரு விதியே எனக்கு ஏழு அத்தியாயம் தந்தது.

மந்திரம் எப்படி வேலை செய்யும் என்பது அடுத்த சிக்கல். பல்கலைக்கழகத்தில் யாழ்ப்பாணத்துத் தோழிகள் என் ஊரைக் கேட்டவுடன் சொல்வது, "மட்டக்களப்பா? பாயோட ஒட்ட வச்சிடுவியளே!" அப்போது கோபம் வரும். வந்தவரைப் போகவிடாத எங்கள் உபசரிப்புக்கு அப்படி ஒரு பெயர் வந்தது என்று விளக்கம் சொல்லிச் சொல்லிக் களைத்திருக்கிறேன். இப்போது அதையே எடுத்துக்கொண்டேன். என் கதாநாயகி பூரணி பன்பாய் (பன் என்ற புல்லில் இழைக்கும் பாய்) இழைப்பவளின் மகள். அவள் இழைத்த பாயில் இருந்தவர் அவள் சொல்லை மீறி எழும்ப முடியாது. ஆனால் அப்படியென்றால் அவளை யாராலும் வெல்ல முடியாதே, கதை எங்கே நகரும்? இரண்டு மாதம் அந்த இடத்தில் முட்டிக்கொண்டு நின்றேன்.

என் அம்மம்மா பன்பாய் இழைப்பவர். ஒரு பின்னேரம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்புச் சாயம் போட்ட பன்னும் சாயம் போடாததும் அவர் விரலுக்குள் மாறி மாறி ஓடின. மூலைக்கு வந்ததும் வேகம் குறைந்தது. ஒவ்வொரு நுனியையும் மடித்து உள்ளே செருகி நகத்தால் அழுத்தினார். "ஓரம் கட்டாம விட்டாப் பாய் உரிஞ்சி போயிடும் புள்ள" என்றார். வீட்டுக்கு வந்து அன்றிரவே எழுதினேன்: பூரணி எந்தப் பாயிலும் ஒரு மூலையைக் கட்டாமல் விடுவாள், தாய்க்குக் கொடுத்த சத்தியம். அந்த மூலையைக் கண்டுபிடிப்பவன் தப்புவான்.

ஒரு மாதத்தில் 50,000 சொல் எழுதும் சவால் ஒன்று 1999 இல் அமெரிக்காவில் தொடங்கியது, அடுத்த வருடம் அது நவம்பர் மாதத்துக்கு மாறியது. ஒரு நாளைக்கு 1,667 சொல் வரும். தமிழில் எழுதுகிறவர்கள் அந்த எண்ணைப் பார்த்து மனம் விடவேண்டாம். "போய்க்கொண்டிருந்தவர்களுக்கு" என்பது நமக்கு ஒரு சொல், ஆங்கிலத்தில் நாலைந்து. நான் 30,000 என்று வைத்துக்கொண்டேன். 2023 நவம்பரில் 19,000 தான் முடிந்தது. மழையும் தவணைப் பரீட்சைத் தாள்களும் ஒன்றாக வந்துவிட்டன. ஆனாலும் என் வாழ்க்கையில் அவ்வளவு எழுதிய மாதம் வேறு இல்லை.

சிறுகதைகளை மூன்று இடத்துக்கு அனுப்பினேன். ஒரு சஞ்சிகை "இது சிறுவர் கதையா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியது. அது நொந்தது, இன்னும் நோகிறது. இன்னொரு இணைய இதழ் போட்டது.

எழுதாத நேரம் விளையாட்டு. சனிக்கிழமை பின்னேரங்களில் ஐந்து பேர் எங்கள் விறாந்தையில் கூடுவோம். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் பாத்திரமாக நின்று முடிவெடுக்கும் விளையாட்டு. டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்ற பெயரில் 1974 இல் வந்த வகை. பாத்திரம் செய்ய நினைத்தது பலிக்குமா என்று பார்க்க இருபது பக்கப் பகடை வேண்டும். அதில் மிக மோசமான 1 விழவும் மிக நல்ல 20 விழவும் ஒரே வாய்ப்பு, 5 சதவீதம். எனக்கு அது பிடிக்கவில்லை. வாழ்நாள் முழுக்கத் தோணி வலித்தவன் இருபதில் ஒரு தடவை துடுப்பைத் தவறவிடுவானா? பகடைக்குப் பதிலாக ஆறு சோகி (சோழி) போடுகிறோம். ஒவ்வொன்றும் நிமிர்ந்தும் கவிழ்ந்தும் சமமாக விழும் என்று வைத்தால், மூன்று நிமிர 64 இல் 20 வாய்ப்பு, ஆறும் நிமிர 64 இல் 1 தான். பெரும்பாலும் நடுத்தரமாக நடக்கும், அதிசயம் அபூர்வமாக வரும். உண்மையில் சோகி சமமாக விழாது. ஒவ்வொரு சோகியையும் நூறு நூறு தரம் போட்டு எண்ணி, அட்டவணை போட்டு வைத்திருக்கிறேன். என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நிகழ்தகவு படித்ததும் இந்தச் சோகிகளில்தான்.

பதினான்காம் அத்தியாயம் ஏன் நிற்கிறது என்றும் சொல்ல வேண்டும். மாரியில் வாவி நிரம்பி வயல் மூழ்கும்போது, வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மண்திட்டை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விடுவது எங்கள் பக்க வழக்கம். வெட்டினால் வயல் தப்பும், ஆனால் வாவித் தண்ணீர் இறங்கி உப்பு ஏறும். வெட்டு என்பவருக்கும் பொறு என்பவருக்கும் நியாயம் இருக்கிறது. என் கதையிலும் இரு கரையாரும் இரவில் அலவாங்கும் மண்வெட்டியுமாய் முகத்துவாரத்தில் நிற்கிறார்கள். பூரணி பாயை விரித்துவிட்டாள். யார் முதலில் அதில் இருப்பார் என்று எனக்கே தெரியவில்லை. வருகிற சனிக்கிழமை அந்தக் காட்சியை அப்படியே விறாந்தையில் விளையாடப் போகிறோம். ஆறு சோகியையும் எடுத்துக் கழுவி வைத்துவிட்டேன்.